மஸ்கட்டுக்குப் போன கேஸ் சிலிண்டர்

கன்னியாகுமரி ஜில்லாவில் ஓடிபிக்குத் தெரியாமல் இரண்டு வீட்டார் சண்டை போட்டுக்கொள்ளவும் முடியாது, ராசியாகவும் முடியாது. தாலுகா ஆபீசில் உள்ள பதிவேடுகளை எல்லாம் ஒரே இரவில் எலி தின்று தீர்த்தாலும் கவலையில்லை. கோட்டாற்றில் அவர் கடையில் போய்க் கேட்டால் போதும். எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ஏன் இல்லை, முதலில் முகத்தைத் திருப்பியது யார் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். அவர் போலீஸ் இல்லை, பாதிரியார் இல்லை, கல்யாணத் தரகரும் இல்லை. மொபைல் போன் ரிப்பேர் பார்க்கிறவர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். கரண்டு பில்லில் தேடினால் கிடைக்கலாம். போனைத் திறக்க ஆறு எண் வருமே, அந்த ஓடிபிதான் அவர் பெயர் என்று ஊர் முடிவு செய்து ரொம்ப நாளாகிவிட்டது. அவரும் ஆட்சேபிக்கவில்லை.

அவர் கடைக்கு நேர் எதிரே என் ஏத்தங்காய் சிப்ஸ் கடை, நேந்திரங்காய் என்பீர்களே அது. சரியாகச் சொன்னால் எனக்குத் தொழில் கவலைப்படுவது, சிப்ஸ் துணைத்தொழில். 'வெப்ராளம்' என்றால் எங்கள் பக்கத்தில் பதற்றம். ஓடிபி என்னைக் கூப்பிடுவதே அந்தப் பெயரில்தான்.

அவர் மேசையில் இரண்டு தட்டுகள் இருக்கும். இடது தட்டில், முதுகில் கடித்த பழம் படம் போட்ட போன்கள். வலது தட்டில், பச்சைப் பொம்மைக்காரனுடைய போன்கள். அவர் கணக்கில் ஒன்று பழக்கட்சி, மற்றது பொம்மைக்கட்சி. ஒரு நாள் தெரியாத்தனமாக ஒரு பழத்தை எடுத்துப் பொம்மைத் தட்டில் வைத்துவிட்டேன். ஸ்க்ரூடிரைவரை ஓங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"லேய், எடுலே அத! ரெண்டும் ஒண்ணா கிடந்தா ரெண்டுக்கும் சார்ஜ் நிக்காது."

"ரெண்டும் போன்தானே அண்ணே?"

"ரெண்டு கட்சிக்காரனும் மனுசன்தான். எலெக்சன் அன்னைக்கு ஒரே ஜீப்பில ஏத்திப் பாரு."

பழுதான போனைக் கொண்டுபோனால் மற்ற கடைக்காரர்கள் போனைப் பார்ப்பார்கள். இவர் ஆளைப் பார்ப்பார். போனைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இது ஆரு தந்த போன்?"

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. வளைகுடாவில் ஆள் இல்லாத வீட்டை எங்கள் பக்கத்தில் தேடத்தான் வேண்டும். அங்கிருந்து லீவுக்கு வருகிறவன் தான் இரண்டு வருஷம் உபயோகித்த போனைத் துடைத்து, "இந்தாங்க அத்தான்" என்று தருவான். போன் வரும், போனோடு சென்ட் வாசனை வரும், உள்ளே அவனுடைய பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே வந்துவிடும். இனாமாகத் தந்தவனிடம் "உன் பேரை அழித்துவிட்டுத் தா" என்று கேட்பது மரியாதையா? யாரும் கேட்க மாட்டோம். அதன் பிறகு நாம் இங்கே எடுக்கிற படமெல்லாம் அவன் பெயரில் உள்ள பெட்டகத்துக்குப் போய்ச் சேரும். மேகம் என்று சொல்கிறார்களே, அது.

"இந்த ஜில்லாவுக்க பாதி ஆல்பம் துபாயிலயும் தோகாவிலயும் கிடக்கு மக்கா. மிச்சம் பாதி, பேச்சில்லாத மாமன் மச்சான் போன்ல கிடக்கு" என்பார் ஓடிபி.

சிதறாலில் இருந்து ஒரு அக்கா வந்தார். போனில் படம் ஒன்றும் திறக்கவில்லை. ஓடிபி ஒரு பழைய கவர் அட்டையைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்து, "உங்க மாப்பிளைக்கு அண்ணன் தம்பி எத்தன பேரு?" என்று ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் அட்டை நிறையக் கோடு.

"போனச் செரியாக்க வந்தா சாதகம் எழுதுதியளே?" என்றார் அந்த அக்கா.

"கெடச்சிட்டு. உங்க கொழுந்தன் புதுப் பெண்டாட்டிக்குப் பயந்து பாஸ்வேர்ட மாத்தியிருக்கான். போனுக்கு ஒரு சூக்கேடும் இல்ல."

விசாரித்தால், அவர் சொன்னபடியே இருந்தது.

இன்னொரு முறை ரிட்டையர்டு கணக்கு வாத்தியார் ஒருவர். பாஸ்வேர்டு மறந்துவிட்டார். மாற்ற வேண்டுமானால் ஆறு எண் வேண்டும். அது தம்பியின் போனுக்குத்தான் போகும், ஏனென்றால் முதலில் எல்லாம் செய்து கொடுத்தது தம்பி. இப்போது அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தென்னை மரம் நிற்கிறது. மரம் அண்ணனுடையது, ஓலை விழுவது தம்பியின் ஓட்டின் மேல். ஓடிபி கடையை அடைத்து, வாத்தியாரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்த் தம்பி வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டார். தம்பி வெளியே வரவில்லை. ஜன்னல் கம்பிக்கு உள்ளே நின்று வாசித்தார்.

"நாலு, ஒம்பது, ஒண்ணு, ஏழு."

"மிச்சம் ரெண்டு?"

"தென்னைய முறிக்கட்டு. பெறவு சொல்லுதேன்."

முறிக்க முடியாது, மாதம் ஒரு தடவை ஓலையை வெட்டி இறக்கலாம் என்றார் வாத்தியார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்றார் தம்பி. இதற்குள் தம்பி மனைவி பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்துவிட்டாள். ஒத்துக்கொண்டு முடிப்பதற்குள் அந்த எண் காலாவதியாகிவிட்டது. புதிதாக இன்னொன்று வரவழைத்தார்கள். இந்தத் தடவை தம்பி ஆறையும் சத்தமாக வாசித்தார். வாத்தியார் கண் கலங்குவதை மறைக்க, ஆறு எண்ணையும் கூட்டி, "முப்பத்தொண்ணு" என்றாராம்.

இதையெல்லாம் நான் எதிர்க்கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். என் முறை வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கவலைப்படுகிற நான், அதற்கு மட்டும் கவலைப்படாமல் விட்டுவிட்டேன்.

என்னிடம் இருந்ததும் பழக்கட்சி போன்தான். மஸ்கட்டில் வேலை பார்க்கிற என் மச்சினன் ஜஸ்டின் தந்தது. தன் கல்யாணத்துக்கு வந்தபோது தந்தான். அந்தக் கல்யாணத்திலேயே பேச்சும் நின்றது. நான் செய்த குற்றம், பந்தல்காரரிடம் "இது விழுமா?" என்று கேட்டது. ஒரு தடவை கேட்டிருந்தால் போயிருக்கும். மூன்று தடவை கேட்டேன், மைக்குக்குப் பக்கத்தில் நின்று. பந்தல்காரர் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பெண் வீட்டார் பாதிப் பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். பந்தல் விழவில்லை. மற்றதெல்லாம் விழுந்தது.

மூன்று வருஷமாக ஜஸ்டினும் நானும் பேசவில்லை. என் மனைவி லீலா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தம்பியிடம் பேசுவாள். நான் தெரியாதது போல் செருப்பைத் தேடுவேன்.

ஆனால் போனை மட்டும் விடவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் தெரிந்தது இரண்டே வேலைதான்: பேசுவது, படம் எடுப்பது. தினமும் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் கேஸ் சிலிண்டரை ஒரு படம் எடுப்பேன், மூடியிருக்கிறது என்பதற்குச் சாட்சியாக. பிறகு மோட்டார் சுவிட்ச். பிறகு வாசல் பூட்டு. கடையில் உட்கார்ந்து எண்ணெய் காய்கிறபோது மனசும் காய ஆரம்பிக்கும்; படத்தை எடுத்துப் பார்த்தால் ஆறும்.

சில நாள் அந்தப் படங்களுக்கு நடுவில் நான் எடுக்காத படங்கள் வந்து கிடக்கும். ஒரு ஒட்டகம். பெரிய தட்டு நிறையச் சோறு. பாதி கட்டிய பாலம். மண், மண், மறுபடியும் மண். கம்பெனிக்காரன் விளம்பரத்துக்கு வைக்கிறான், இடத்தை அடைக்கும் என்று ஒவ்வொன்றாக அழித்துவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை, எண்ணெயில் மஞ்சள் உப்புத் தண்ணீர் தெளிக்கக் குனிந்தேன். சட்டைப் பையில் இருந்த போன் முந்திக்கொண்டது. டப்பென்று ஒரு சத்தம், ஒரு பாடு புகை. கடையில் நின்றவர்கள் எல்லாம் ரோட்டுக்கு ஓடினார்கள். எல்லாம் அடங்கியபின் அரிகரண்டியால் கோரி எடுத்தேன். நன்றாகப் பொரிந்திருந்தது.

ஓடிபி கடைக்கு அதை வாழையிலையில் வைத்துக் கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்தார். "பக்குவம் கொள்ளாம். இன்னும் ரெண்டு நிமிசம் விட்டிருந்தா கருகியிருக்கும்" என்று சொல்லி, ஒரு பொம்மைக்கட்சி போனை எடுத்துத் தந்தார். பழைய நம்பரே கிடைத்தது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகள் ஷைனி கடைக்கு ஓடிவந்தாள். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து பதில் வந்திருக்கிறது. சர்டிபிகேட் எல்லாவற்றையும் அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவர்கள் தளத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு. ஒரிஜினல் எல்லாம் முத்திரை வாங்க டெல்லிக்குப் போயிருந்தது. அனுப்புவதற்கு முன்னால் படம் எடுத்து வைத்திருந்தாள், என் போனில், அதில்தான் தெளிவாக விழும் என்று.

என் போன்தான் பொரிந்துவிட்டதே.

எதிர்க்கடைக்கு ஓடினோம். ஓடிபி பதறவில்லை. என்னைப் பார்த்தார்.

"அந்தப் போன் ஆரு தந்தது?"

"மஸ்கட்டு" என்றேன்.

"போன் பொரிஞ்சா என்ன, படம் பொரியாது" என்றார். "பெட்டகத்தில பத்திரமா கிடக்கும். பொம்மைக்காரனுக்குப் பழக்காரன் முன்வாசல் தொறக்கமாட்டான். ஆனா பிரவுசர்னு ஒரு அடுக்களை வாசல் உண்டு."

என் புதுப் போனில் அந்த வாசலைத் தட்டினார். ஜஸ்டினின் ஈமெயிலைப் போட்டார். பாஸ்வேர்டை அவன் போன் டப்பாவின் மேல் எழுதித் தந்திருந்தான். ஷைனி வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்து வந்தாள். போட்டோம். உங்களுடைய மற்ற போனுக்கு ஆறு எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது.

மற்ற போன் மஸ்கட்டில் இருந்தது.

லீலாவுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தாள், தம்பியைக் கூப்பிட்டாள், பேசினாள், வைத்தாள். "நீங்க கேட்டாத்தான் சொல்லுவானாம்" என்று சொல்லிவிட்டு ஓடிபியின் ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"வேற வழி ஒண்ணும் இல்லையா அண்ணே?"

"சாவி உனக்க மச்சினன் பைக்குள்ள. நான் என்ன செய்யட்டு?"

"கம்பெனிக்கு எழுதிக் கேட்டா?"

"எழுது. பந்தலப் பத்தியும் சேத்து எழுது."

மணி பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது, இரண்டு ஆனது. நான் கடைக்குப் போனேன், வந்தேன், போனேன். ஒரு ஈடு சிப்ஸ் கருகியது. கூப்பிட்டு அவன் எடுக்கவில்லை என்றால்? எடுத்துத் திட்டினால்? திட்டாமல் அழுதால்? ஷைனி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. ஓடிபி எனக்கு நாலு கட்டன் வாங்கித் தந்தார். நாலையும் குடித்தேன், அதிலும் பதற்றம்தான் கூடியது. மூன்றே முக்காலுக்கு, காலாவதியான எண்ணுக்குப் பதில் புதிதாக ஒன்று வரவழைத்துவிட்டு, "இந்தாலே வெப்ராளம்" என்று நம்பரை அழுத்திப் போனை என் கையில் திணித்துவிட்டார். ஸ்பீக்கரில் மணி அடித்தது. எடுத்துவிட்டான்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு என் வாயில் வந்த முதல் வார்த்தை, "ஜஸ்டினே, அங்க மழ உண்டா?"

"மஸ்கட்டிலயா?"

ஓடிபி தலையில் அடித்துக்கொண்டார்.

"இல்ல... ஒரு நம்பரு வந்திருக்கும்லா..."

"வந்திருக்கு. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன் அத்தான். எனக்க ஒட்டகத்த என்னத்துக்கு அழிச்சிய?"

"ஏது ஒட்டகம்?"

"நான் எடுத்த ஒட்டகம். காலையில போன்ல இருந்தது, மத்தியானம் இல்ல. பெறவு எனக்க சோறு போச்சு. நான் கட்டின பாலம் போச்சு. பந்தல் காரியத்தில நான் சத்தம் போட்டது தப்புதான். அதுக்காண்டி ஒரு மனுசன இப்பிடியா தொடச்சு எடுக்கது?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரே பெட்டகத்தின் இரண்டு பக்கத்திலும் நாங்கள் இரண்டு பேரும் நின்றிருக்கிறோம். நான் அழித்ததெல்லாம் அங்கேயும் அழிந்திருக்கிறது.

"லேய் ஜஸ்டினே, அது உனக்கதுன்னு எனக்குத் தெரியாதுடே! கம்பெனிக்காரன் வச்சதுன்னுல்லா நெனச்சேன். ஒட்டகத்து மேல எனக்கு என்னடே வெரோதம்?"

லைன் போய்விட்டது என்று பயந்தேன். பிறகு ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்பு கொஞ்சம் நனைந்திருந்தது.

"நான் உங்க படம் ஒண்ணயும் அழிக்கல்ல அத்தான். சிலிண்டரு, பூட்டு, மோட்டாரு சுவிச்சு எல்லாம் அப்பிடியே இருக்கு. தெனமும் நான் வேலைக்கு வண்டி ஏறச்சில சிலிண்டரு வந்து விழும். செரி, அத்தான் எந்திச்சாச்சு, கடைக்குப் போறாருன்னு நெனச்சுக்குவேன். செவ்வாக்கெழம முதல் வரல்ல. அஞ்சு நாளா எனக்கு ஒறக்கம் இல்ல. இன்னைக்கு அக்கா பேசின பெறவுதான் மூச்சே வந்தது."

லீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தோள் துண்டால் மூக்கைத் துடைத்தேன்.

"ரெண்டு பேரும் பெறவு அழுங்கலே. நம்பரு!" என்று ஓடிபி கத்தினார்.

ஜஸ்டின் ஆறையும் சொன்னான். வாசல் திறந்தது. உள்ளே போனால் சிலிண்டர். ஆயிரத்துச் சொச்சம் சிலிண்டர். ஷைனி விரலால் தள்ளத் தள்ள சிலிண்டர், சுவிட்ச், பூட்டு, சிலிண்டர், சுவிட்ச், பூட்டு. "எப்பா, நீங்க மனுசன்தானா?" என்று கேட்டுக்கொண்டே தள்ளினாள். நாலரை மணிக்கு, இரண்டு பூட்டுகளுக்கு நடுவில், அவளுடைய முதல் சர்டிபிகேட் தெரிந்தது. நாலே ஐம்பதுக்கு எல்லாம் ஏறி முடிந்தது. கிடைத்தது என்று பச்சை எழுத்தில் பதில் வந்தது.

நான் ஓடிபியின் இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் தலையைச் சாய்த்தேன். அப்போதுதான் ஷைனி மெதுவாகச் சொன்னாள்:

"எப்பா, இதே படம் மாமாவுக்க போன்லயும் உண்டல்லா? வாட்ஸாப்பில அனுப்பச் சொல்லியிருந்தா ரெண்டு நிமிசத்தில முடிஞ்சிருக்குமே?"

ஓடிபி ஒரு போன் கவரை எடுத்து, ஒரு அழுக்கும் இல்லாத இடத்தை ரொம்ப சிரத்தையாகத் துடைக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாம பின்ன? உனக்க மச்சினன்கிட்ட காலையிலயே சொல்லி வச்சாச்சு. நாலு மணிக்குள்ள இவன் கூப்பிடல்லன்னா நேரா பிள்ளைக்கு அனுப்பீருன்னு."

"பெறவு என்னத்துக்கு என்ன இந்தப் பாடு படுத்தினிய? நெஞ்சடச்சுச் செத்திருந்தா?"

"நீ சாவமாட்ட. சாவதுக்கு முன்னால பெட்டி தாங்குமான்னு மூணு தடவ கேப்ப."

ஷைனிக்கு அந்த வேலை கிடைத்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள். ஜஸ்டின் ஒட்டகத்தை மறுபடியும் போய் எடுத்து அனுப்பினான்; வேறு ஒட்டகம்தான், ஆனாலும் அதை அழிக்கவில்லை. சிலிண்டர் படத்தை இப்போது நானே அவனுக்குத் தினமும் அனுப்புகிறேன்.

புதுப் போனில் என் பெயரிலேயே கணக்குத் திறந்து தந்தார் ஓடிபி. பாஸ்வேர்டு போடும்போது எழுந்து வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு அடுத்ததாக, நீங்கள் மறந்துவிட்டால் யாரிடம் கேட்கலாம், நம்பிக்கையான ஒருவருடைய நம்பரைத் தாருங்கள் என்று கேட்டது. லீலா போனை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஷைனி தூரத்தில் இருக்கிறாள். ஜஸ்டின் என்கிற கிணற்றில் நான் ஒரு தடவை விழுந்து எழுந்தாயிற்று. ஓடிபியின் நம்பரைப் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

போன வாரம் இரண்டு நாள் அவர் கடை திறக்கவில்லை. முதல் நாள் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு இடலாக்குடியில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. கடைக்குள்ளே பார்த்த ஆளில் பாதிதான் கட்டிலில் இருந்தது.

"என்னலே? பாஸ்வேர்டு மறந்துட்டா?" என்றார்.

எனக்கு எல்லா எழுத்தும் நன்றாக நினைவிருந்தது. அரிசிக் கஞ்சியும் சுட்ட பப்படமும் வைத்திருந்த தூக்குவாளியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

"ஆமாண்ணே, மறந்துட்டு" என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.